பேசாலையில் செதுக்கிய மொறிஸ் மைனர்

2020 மார்ச்சில் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டபோது, மன்னார்ப் பட்டினத் தேநீர்க்கடைகளில் கொஞ்ச நாள் வேறு பேச்சே இல்லை. வந்திறங்கிய கார்களின் விலை தெரிந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. ஓடிக் களைத்த வேகன்ஆருக்கே ஐம்பது இலட்சத்துக்கு மேல் கேட்ட நாட்டில், சம்பளத்தை நம்பி வாழும் ஓர் ஆசிரியர் குடும்பம் எதை வாங்கும்? என் நண்பர் குடும்பம் ஒன்றையும் வாங்கவில்லை. முருங்கனில் மாமாவின் வளவுக்குள், ஓலைக் கொட்டிலில் கிடந்த அம்மப்பாவின் மொறிஸ் மைனர் ‘ட்ரவலர்’ காரை எடுத்துத் திருத்துவது என்று முடிவெடுத்தார்கள். நண்பர், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஞாயிறு பூசை, வருடத்துக்கு ஒரு தடவை மடு மாதா கோயில். அவ்வளவுதான் ஓட்டம். “வேலை தொடங்கியாச்சு, ஒருக்கா வந்து பாருங்கோ” என்றார்.

மொறிஸ் மைனரைத் தெரியாதவர் வடக்கில் குறைவு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்த கார் அது. பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். ஒஸ்ரினும் மொறிஸும்தான் ஒரு தலைமுறைக்கு எங்கள் ஊர்களின் வாடகைக் கார், கல்யாணக் கார், அம்புலன்ஸ், பிணவண்டி எல்லாமே. ட்ரவலர் அதில் தனி இனம். 1953இல் தொடங்கி 1971 வரை வந்த ஸ்டேஷன் வேகன். முன்பாதி மற்ற மைனரைப் போலத் தகடு. முன்கதவுக்குப் பின்னால் மரம். ஆஷ் என்ற குளிர்தேசத்து மரத்தில் சட்டம் கட்டி, இடையில் அலுமினியத் தகடு பதித்து, பின்னால் அலுமாரிக் கதவு போல இரண்டு கதவு வைத்திருப்பார்கள். அந்த மரத்தை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பின்கூரையைத் தாங்குவதே அதுதான். மரம் உக்கினால் காரின் பின்பாதி உக்கியதாகக் கணக்கு.

முருங்கன் கார் விஷயத்தில் நடந்ததும் அதுதான். மன்னார்த் தீவுக்குள் நின்றிருந்தால் உப்புக்காற்று தகட்டைத் தின்றிருக்கும். மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலும் அடித்தளமும் ஒன்று. முன் இருக்கைக்குக் கீழே குறுக்காக ஓடும் இரும்புப் பெட்டியில்தான் முன்சக்கரத்து முறுக்குத்தண்டுகளின் பின்நுனி மாட்டியிருக்கிறது. அது துருப்பிடித்தால் காரை மறந்துவிடலாம். பழைய கார் தேடுபவர்கள் பெயின்றைப் பார்க்காமல் முதலில் கீழே படுத்து இந்த இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். முருங்கன் கடலை விட்டு உள்ளே தள்ளிய வயல் ஊர். அதனால் இரும்பு தப்பியது. ஆனால் கொட்டிலுக்குள் கறையான் புகுந்து வலப்பக்க மரத்தை முழுசாக முடித்துவிட்டது. இடப்பக்கம் பாதி மிச்சம்.

எஞ்சின் வேலை மன்னார்ப் பட்டினத்தில் ஒரு கராஜில் நடந்தது. கராஜ்காரர் எருக்கலம்பிட்டி ஆள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, சிறுவனாக வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய், புத்தளத்தில் ஒரு கராஜில் ஸ்பனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் பழகியவர். எஞ்சினைக் கழற்றியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “இது மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின்.” உண்மைதான். வடக்கின் மீதான பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் கார் வன்னிக்குள் ஓடியது. பெற்றோல் கிடையாது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது தாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும் என்பதால் அடிக்கடி ஒயில் மாற்றவும் வேண்டும். தடைப்பட்டியலில் ஒயிலும் இருந்த காலத்தில் எப்படி மாற்றுவது? அந்தத் தேய்மானம் சிலிண்டர் சுவரில் அப்படியே தெரிந்தது. பிறகு துளையைக் கடைந்தார்கள், வளையம் போட்டார்கள், வால்வு தேய்த்தார்கள். அந்த நாட்களில் நான் அங்கே அதிகம் நிற்கவில்லை. எஞ்சின் இப்போது ஓடுகிறது.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒரு சின்ன உருப்படியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ட்ரனியன் என்பார்கள். மரை போட்ட கட்டை. சக்கரம் திரும்பும்போது அந்த மரையில்தான் திரும்பும். கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்று, சக்கரம் வெளிப்பக்கம் மடிந்து கார் மூக்குக் குப்புற விழும். கராஜ்காரர் புதிதொன்றை நண்பர் கையில் கொடுத்து, “மத்ததெல்லாம் மறந்தாலும் இதுக்குக் கிறீஸ் மறக்கக் கூடாது சேர்” என்றார்.

மைனர் உதிரிப்பாகம் என்றதும் எனக்கு ஆறாத ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ல்ஸ் வெயார் என்பவர் மொறிஸ் மைனர்களைத் திருத்தும் நிலையம் நடத்தினார். ஒரு காரை வாழ்நாள் முழுக்க வைத்து ஓட்டலாம் என்று 1982இல் புத்தகமும் எழுதினார். 1990களின் தொடக்கத்தில் அவர் தேடி வந்த நாடு இலங்கை. மைனர்கள் இன்னும் ஓடும் நாடு, அவற்றைத் திருத்தும் கைகள் இருக்கும் நாடு என்பதால். நீடித்துழைக்கும் கார் என்று பொருள்படும் பெயரில் ஒரு கம்பனி தொடங்கி, தெற்கில் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அதே வருடங்களில், அதே தீவின் வடக்கில், அதே காருக்கு ஒரு ஸ்பார்க் பிளக் கொண்டுபோக முடியாமல் சோதனைச் சாவடியில் சனங்கள் நின்றார்கள்.

இனி மரம். ஆஷ் மரத்தில் செய்த சட்டம் இங்கிலாந்திலிருந்து இன்றும் வாங்கலாம். கப்பல் கூலியும் வரியும் சேர்த்தால் நண்பருக்குக் கட்டுப்படியாகாது. கொழும்பில் ஒருவர் இரும்புக் குழாயில் சட்டம் வைத்து மேலே மரநிற ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்றாராம். நண்பரின் அம்மா அதைக் கேட்டு, “அப்பாட காருக்கு ஸ்டிக்கரா?” என்று எழும்பிப் போய்விட்டார். கராஜ்காரர்தான் வழி சொன்னார். பேசாலையில் ஒரு வள்ளத் தச்சர் இருக்கிறார், வளைவு மரம் தெரிந்த ஆள், அவரிடம் கொண்டுபோங்கள்.

பேசாலை, தலைமன்னார் வீதியில் தீவின் வடகரையில் இருக்கும் மீனவ ஊர். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் உடக்குப் பாஸுக்குப் பேர்போன இடம். தச்சருக்கு எழுபதை நெருங்கும் வயது. எல்லோரும் பாஸ் என்கிறார்கள், நானும் அப்படியே அழைத்தேன். காரை அவர் ஒருதரம் சுற்றி வந்தார். உக்கிய மரத்தை விரலால் கிள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு பக்கக் கண்ணாடி நகரும் காடிக்குள் ஒரு தகரத் துண்டைச் செருகி இழுத்தார். கறுத்த மண்ணும் உக்கிய தூளும் வந்தன. “கறையான் பிறகு வந்தது தம்பி. முதல்ல இதுக்குள்ள தண்ணி நிண்டிருக்கு. தண்ணி போக வழி வைக்காம மரத்தில காடி வெட்டினா எந்த நாட்டு மரமும் நிக்காது.” ட்ரவலரைப் பற்றி எழுதும் ஆங்கிலேயர்கள் பலரும் சொல்லும் குறை அதுதான். அந்தக் காரைத் தன் வாழ்நாளில் முதல்தடவை பார்த்த மனிதர் ஒரு தகரத் துண்டால் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஆஷ் மரம் நம்மட காத்துக்கு வேண்டாம் என்றார். நேர்த் தூண்களுக்கு, இடித்த ஒரு பழைய வீட்டின் சாவண்டலைத் தீராந்திகளை வாங்கினார்கள். திருகோணமலை மரம் என்று சென்னைவரை கேட்டு வாங்கிப் படகு கட்டிய மரம் அது. வளைந்து கொடுக்கும், வெடிக்காது. பழைய தீராந்தி என்பதால் நன்றாகக் காய்ந்தும் இருந்தது. புது மரமென்றால் வெட்டவும் ஏற்றவும் அனுமதி எடுக்க வேண்டும். சிக்கல் பின்சக்கரத்துக்கு மேலே வரும் வில் வளைவில். தொழிற்சாலையில் பலகையைத் துண்டு துண்டாய் அறுத்து விரல் கோத்தது போல் பொருத்தியிருந்தார்கள். பாஸ் அப்படிச் செய்யவில்லை. வள்ளத்துக்கு விலாவான வங்கு வைக்கிறவர் வளைவை வெட்டி உண்டாக்க மாட்டார். வளைந்து வளர்ந்த கொப்பைத் தேடி எடுப்பார். அதில்தான் நார் முறியாமல் வளைவோடு கூடவே ஓடும். ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வேலி வேலியாகப் பூவரசுகளை அண்ணாந்து பார்த்தபடி போனார். அவர் கொண்டுவந்து போட்ட கொப்பின் மேல் அச்சை வைத்தபோது, விரல் போகும் இடைவெளிகூட இல்லை.

அதன் பிறகு நான் பார்த்ததெல்லாம் ஒரு வாய்ச்சியைத்தான். மண்வெட்டியைப் போலப் பிடிக்குக் குறுக்கே அலகு வைத்த கருவி. பிடியில் கை படுகிற இடம் மட்டும் மெலிந்து பளபளக்கிறது. கொப்பை நிலத்தில் கிடத்தி, காலால் மிதித்துக்கொண்டு, தன் பெருவிரலை நோக்கியே கொத்துகிறார். ஒவ்வொரு கொத்துக்கும் வெற்றிலை அளவில் ஒரு செதில் சுருண்டு விழுகிறது. பென்சில் கோட்டைத் தொட்டதும் கை தானாக நிற்கிறது. பக்கத்தில் மின்சார வாள் கிடந்தது. நேர்வெட்டுக்கு அதை எடுத்தார். வளைவுக்கு எடுக்கவேயில்லை. “வாள் கோட்டைப் பாக்கும், வாய்ச்சி நாரைப் பாக்கும்” என்றார்.

அந்த வாய்ச்சி அவருடைய தகப்பனுடையது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் பேசாலைக் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறியபோது சாரத்தில் சுற்றி அதைக் கொண்டுபோனார். மண்டபம் அகதி முகாம். பகலில் வெளியே வேலைக்குப் போகலாம், கணக்கெடுப்புக்குத் திரும்பி நிற்க வேண்டும். பாம்பன் பக்கத்துக் கரைகளில் கூலிக்கு வள்ளம் கட்டினார். பிள்ளைகள் முகாமில் பிறந்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியபோது கரை முழுக்க ஃபைபர் படகு. அச்சில் ஊற்றி எடுக்கும் படகுக்கு வங்கு எதற்கு, பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து எதற்கு? குங்கிலியம் காய்ச்சும் மணம் பேசாலையில் நின்றுபோனது. அவர் கதவு, நிலை, சவப்பெட்டி என்று இறங்கினார். மகன் கட்டாரில் இருக்கிறார். வாய்ச்சியைப் பிடிக்க வீட்டில் ஆளில்லை. இதைச் சொல்லும்போதும் அவர் கை நிற்கவில்லை.

மூட்டுகளுக்கு அவர் செய்தது பழையதும் புதியதும் கலந்த வேலை. ஃபைபர் படகுக்காரர்களிடம் வாங்கிய றெசினை மூட்டுக்குள் பூசினார். இரும்புத் திருகாணி வேண்டாம் என்று பித்தளை கேட்டார். உப்புக்காற்றில் இரும்பாணி தானும் துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கறுப்பாக்கி உக்க வைக்கும். கண்ணாடிக் காடியின் அடியில் சரிவு கொடுத்து, தண்ணீர் வெளியே வடிய மூன்று துளை போட்டார். இங்கிலாந்தில் பதினெட்டு வருடம் அந்தக் காரைக் கட்டியவர்கள் இந்தத் துளைகளை யோசித்திருந்தால் எத்தனையோ கார்கள் தப்பியிருக்கும்.

இவ்வளவு செய்த மனிதருக்கு நாட்கூலி. அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெரியாது. நண்பர் தானாகக் கூட்டிக் கொடுத்தார். ஆனால் எல்லா வாடிக்கையாளரும் நண்பரல்ல. 2002இல் ஏ9 வீதி திறந்ததும், பிறகு போர் முடிந்ததும், வடக்கின் பழைய கார்களைத் தேடித் தெற்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் ஊர்த் தரகர்கள் நடந்தார்கள். படலைக்கு வெளியே நின்று, “ஐயா, இது கிடந்து உக்கப் போகுது, இரும்பு விலைக்குத் தாங்கோ” என்பார்கள். இடப்பெயர்வில் கார்ப் புத்தகத்தைத் தொலைத்த கிழவரிடம், புத்தகம் இல்லாத கார் உங்களுக்கு வில்லங்கம் என்று பயமுறுத்துவார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் ஊற்றியும் பழைய ரயரைத் தைத்தும் காரைக் காப்பாற்றி வைத்தவருக்கு இரும்பு விலை. அதைக் கழுவிப் பெயின்ற் அடித்துக் கொழும்புக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுபவருக்குப் பத்து மடங்கு. இடையில் கைபேசியைத் தவிர ஒரு கருவியையும் தொடாத தரகருக்கு இரண்டு பக்கத்தாலும் காசு. டிங்கர் வேலை செய்தவருக்கும் தச்சருக்கும் அதே நாட்கூலி. இதைச் சந்தை என்று சொல்லி நாம் கடந்து போகிறோம். எனக்கு அது களவாகத்தான் தெரிகிறது. தொழில் பழக்க நிலையங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. பாஸை ஒருநாள் வந்து வாய்ச்சி பிடித்துக் காட்டச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்டேன். “பஸ் காசு தந்தாப் போதும்” என்றார்.

நான் கடைசியாகப் போனபோது இரண்டு பக்கச் சட்டமும் காரில் ஏறியிருந்தது. அலுமினியத் தகடுகள் பழையவையே, தட்டி நிமிர்த்திப் பொருத்தியிருந்தார்கள். பழங்காலக் கார் என்று பெருமை பேசி, பிள்ளைகளை இருக்கைப் பட்டியில்லாமல் ஏற்ற நண்பர் உடன்படவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் பட்டி பூட்டுகிறார்கள். பின்பட்டியை மரத்தில் பிடிக்கக் கூடாதென்று தளத் தகட்டின் கீழே தடித்த இரும்புத்தகடு வைத்து மரையாணி போட்டிருக்கிறார் கராஜ்காரர். நாலு சக்கரமும் ட்ரம் பிரேக்தான் என்பதால் மணிக்கு ஐம்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் மடியாது, அவருடைய இருக்கையை மூன்று அங்குலம் உயர்த்த வேண்டும். பின்கதவுகள் இரண்டும் இன்னும் பாக்கி. ஆவணி மடுத் திருவிழாவுக்கு முன் முடிய வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. கண்ணாடிக் காடிக்கு ரப்பர் பட்டி கொழும்பிலிருந்து வரவில்லை. அது வராவிட்டால் படகு விளிம்புக்குப் போடும் ரப்பரை நெடுக்காக வெட்டிப் பார்க்கலாம் என்று பாஸ் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறார்.