கரையும் தீவுகள்

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் முயல் தீவைப் பாராமல் திரும்பலாகாது. தீவென்று பெயரே ஒழிய, இன்று அது கரையோடு இணைந்திருக்கிறது. வண்டியிலேயே போய்ச் சேரலாம்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய ஊரல்லவா? கடலைக் கண்டதும் நம் நெஞ்சு நிமிர்ந்தது. நம் வீட்டுச் சிறுமி மணலில் சிப்பி பொறுக்கி, "இதில் முத்து இருக்குமா?" என்றாள். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது என்றோம். அவள் முகம் வாடிற்று.

இவ்வூருக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளை 1986-இல் தேசியக் கடற்பூங்காவாக்கினார்கள். அனுமதியின்றி அங்கே கால் வைக்கலாகாது. அதைச் சொல்லி நாம் குறைப்பட்டபோது, வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார்: "கால் வைக்கத் தீவு இருக்கணுமே, ஐயா!"

அது மிகையன்று. விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் முன்னமே மூழ்கிவிட்டன. காரைச்சல்லித் தீவு 1969-இல் சுமார் 21 ஹெக்டேர். 2018-இல் 6-க்கும் குறைவு. பவளப்பாறையே தீவுக்கு அரண்; அலை அதில் மோதித்தான் வலுவிழக்கும். அந்தக் கல்லை நெடுங்காலம் வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு சுட்டோம், வீடு கட்டினோம். அரண் போயிற்று, பின்னாலேயே மணலும் போயிற்று. 2015-க்குப் பின் வான் தீவை ஒட்டிச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி, அதைக் காக்க முயன்று வருகிறார்கள்.

அந்நியன் கொண்டுபோன செல்வத்தைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். இந்தச் செல்வத்தை வாரியதில் நம் கைகளுக்கும் பங்குண்டு.

புறப்படும்போது சிறுமி மடியிலிருந்த சிப்பிகளை மணலிலேயே கொட்டிவிட்டாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை.