முட்டையை மண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகும் பறவை

பரீட்சை முடிஞ்சாச்சு. இனி கொஞ்ச நாளைக்கு உங்களுக்குத்தான் பரீட்சை!

நம்ம ஊர்க் கோழி 21 நாள் அடைகாக்கும். முட்டைமேல உட்காரவே உட்காராத ஒரு பறவை இருக்கு தெரியுமா? பேரு நிக்கோபார் மெகாபோட். மெகாபோட் என்றால் பெரிய பாதம். கோழி அளவுதான் இருக்கும், பழுப்பு நிறம். உலகத்திலேயே நிக்கோபார் தீவுகள் சிலவற்றில் மட்டும்தான் உண்டு.

அந்தப் பெரிய காலால் மணலையும் இலைச்சருகையும் வாரிக் குவித்து ஒரு மேடு கட்டும். அதற்குள் முட்டையைப் புதைக்கும். சருகு மட்கும் சூடுதான் அடைகாப்பு, எருக்குழியில் கைவைத்தால் சுடுமே, அது மாதிரி. இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்து, குஞ்சு தானே தோண்டிக்கொண்டு வெளியே வரும். அம்மா, அப்பா யாரும் காத்திருக்க மாட்டார்கள். முதல் நாளிலிருந்தே தன் பிழைப்பு தன் கையில். (ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் வந்தது!)

மேடுகள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய காட்டில்தான். அதுதான் வினை.

எங்க ஊர் நாகப்பட்டினம் பக்கம். சுனாமி வந்தப்போ நான் பிறக்கவில்லை. ஆனாலும் டிசம்பர் 26 அன்று அப்பாயி யாரோடும் பேச மாட்டாங்க. அதே 2004 சுனாமிதான் நிக்கோபார் கரைக் காட்டையும் அழித்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனை சுமார் 4 மீட்டர் கீழே இறங்கிவிட்டது. 2006ல் கே. சிவகுமார் என்ற ஆய்வாளர் தீவுகளில் கணக்கெடுத்தபோது, 1990களில் இருந்ததைவிட இந்தப் பறவை சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது.

மிஞ்சியவை மறுபடி கரையிலேயே மேடு கட்டின. "அவ்வளவு நடந்தும் ஏன் அப்பாயி இங்கேயே இருக்கீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "கடல்தானடா சோறு போடுது" என்றார்கள். பறவைக்கும் அதே பதில்தான் போல.

இப்போது வேறொரு அலை. மேடுகள் இருக்கும் கலாத்தியா வளைகுடாவில் பெரிய சரக்குத் துறைமுகம் கட்டத் திட்டம். 2021 ஜனவரியில் அந்த இடத்தின் சரணாலயத் தகுதியை நீக்க ஒப்புதல் கொடுத்தார்கள். 2022 நவம்பரில் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது.

துறைமுகமே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. கடல் எடுத்துக்கொண்டாலும் கொஞ்ச வருஷத்தில் மணலைத் திருப்பித் தந்தது. கான்கிரீட் அப்படித் தராதே?