செம்மண் தடத்தில் சைக்கிள்

நம் முன்னோர் கல்கத்தா என்று அழைத்ததும், 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று வழங்கப்பெறுவதுமாகிய இம்மாநகரில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. லேக் மார்க்கெட்டும் ராஷ்பிகாரி அவென்யூவும் நமக்கு மயிலாப்பூரைப்போல் பழகிவிட்டன. ஆயினும், வங்க நாட்டை நாம் அறிவோமா என்று யாரேனும் வினவினால் விடை கூறத் தயங்க வேண்டியிருக்கிறது. விடுமுறை வந்தால் ஹௌராவில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறோம். விடுமுறை முடிந்ததும் அவ்வாறே திரும்புகிறோம். இம்மண் நம் காலில் ஒட்டுவதேயில்லை.

நம் குழந்தைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. புதிய சைக்கிள் ஒன்றை ஆசையுடன் வாங்கிக் கொடுக்கிறோம். குழந்தை அதை ஓட்டுவது எங்கே? அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, கார்கள் நிற்குமிடத்தில், தூண்களைச் சுற்றிச் சுற்றித்தான். நகரின் சாலைகளிலோ சைக்கிளுக்கு வரவேற்பில்லை. 2013-ல் 174 சாலைகளில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அத்தொகை குறைக்கப்பட்டதெனினும் தடை முற்றும் நீங்கிவிடவில்லை. அதே மாநிலத்தில், 2015-ல் தொடங்கிய 'சபுஜ் சாத்தி' திட்டத்தின்கீழ், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவருக்கு அரசாங்கமே சைக்கிள் வழங்குகிறது. நாட்டுப்புறத்தில் சைக்கிள் கல்விக்குத் துணை. நகரத்தில் அது போக்குவரத்துக்கு இடையூறு! ஆகவே, சைக்கிளை அதன் சொந்த நாட்டிலேயே சென்று காண்பது நலம் என்று நம் நண்பர் குடும்பங்கள் சில கருதின. அங்ஙனம் நாம் கண்டறிந்த வழிகளை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹௌராவிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது போல்பூர். பர்த்தமானைத் தாண்டி, அகன்ற மணற்படுகையையுடைய அஜய் நதியைக் கடந்ததும், மண்ணின் நிறம் மாறக் காண்கிறோம். கங்கைச் சமவெளியின் சாம்பல் நிற வண்டல் மறைந்து செம்மண் தோன்றுகிறது. இதுவே பீர்பூம் மாவட்டம். தட்டையான நிலம் மெல்ல ஏறியும் இறங்கியும் அலையலையாய்ச் செல்லத் தொடங்குகிறது. மேனாட்டார் சரளைப் பாதைகளுக்கென்றே அகன்ற டயர் பூட்டிய தனிவகை சைக்கிள்களை இந்நாளில் செய்கின்றனர். அவை நமக்கு இன்றியமையாதன அல்ல. சாந்திநிகேதன் பக்கத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண சைக்கிளே போதும்.

இந்தச் செம்மண் நமக்கு அந்நியமன்று. புதுக்கோட்டைச் சீமையில் செம்புராங்கல் என்று வழங்குவது எதுவோ அதன் உறவே இது. பல்லாயிரம் ஆண்டு மழை பாறையிலுள்ள கரையும் பொருள்களைக் கழுவிச் செல்ல, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன. இரும்பு துருவேறிச் சிவக்கிறது. வெயில் பட்டு இறுகுகிறது. மேலே மரஞ்செடிகள் அழிந்த இடங்களில் மழைநீர் நிலத்தைக் கீறிப் பள்ளமும் மேடுமாக அறுத்துவிடுகிறது. அவ்வாறு உண்டான ஓடைப் பள்ளங்களையே இவ்வூரார் 'கோவாய்' என்கின்றனர். அழகு என்று நாம் வியந்து நிற்கும் அக்காட்சி, உண்மையில் நிலத்தின் புண் என்பதை மறத்தலாகாது.

மகரிஷி தேவேந்திரநாத் தாகூர் 1863-ல் இங்கே நிலம் பெற்றபொழுது அதில் இரண்டு சாத்திம் மரங்கள் நின்றனவாம். சாத்திம் என்பது வேறொன்றுமன்று. நம் பழந்தமிழர் அறிந்த ஏழிலைப்பாலையே. இன்றும் விசுவபாரதியில் பட்டம் பெறுவோருக்கு அதன் இலையை வழங்குவது மரபு. ரவீந்திரநாதர் 1901-ல் பள்ளி தொடங்கினார். 1921-ல் விசுவபாரதி உருவாயிற்று. வெயிலில் வெந்துகொண்டிருந்த நிலத்தில் 1928-ல் மரம் நடு விழாவை அவர் ஏற்படுத்தினார். இன்று நாம் நிழலில் சைக்கிள் மிதிப்பதற்கு அத்தகைய முயற்சிகளே காரணம். 2023-ல் சாந்திநிகேதன் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது.

முதல் வழி எளியது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பத்து வயதுக் குழந்தையும் வரலாம். சாந்திநிகேதனிலிருந்து புறப்பட்டு, சியாம்பாட்டியில் கால்வாயை அடைந்து, சோனாஜுரிக் காட்டினுள் புகவேண்டும். மஞ்சள் பூ உதிர்க்கும் அம்மரங்கள் ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்தவை. சனிக்கிழமைச் சந்தைக் கூட்டம் சேருமுன், காலையிலேயே கடந்துவிடுவது நன்று. அருகில் பொனேர்புகுர்டாங்கா என்னும் சந்தாலர் சிற்றூர். சாணமிட்டு மெழுகிய மண்சுவர்களில் எத்துணை நேர்த்தி! பின்னர் கோவால்பாரா வழியே கோபாய் ஆற்றைக் கண்டு, கங்காளிதலாவில் சக்தி பீடத்தையும் அதன் குண்டத்தையும் வணங்கித் திரும்பலாம். மீளும்பொழுது, 1977-ல் சரணாலயமாக்கப்பட்ட வல்லபபூர்க் காட்டில் புள்ளிமான்களையும், குளிர்காலமாயின் வலசை வந்த நீர்ப்பறவைகளையும் காணலாம்.

இரண்டாவது வழி காளையருக்கு உரியது. ஸ்ரீநிகேதனிலிருந்து இலாம்பஜார் நோக்கிச் சென்றால் சௌபஹாரிக் காடு. இங்கே நிற்பவை சால மரங்கள். நெடிதுயர்ந்த அடிமரங்களுக்கிடையே செம்மண் தடங்கள் கிளை பிரிந்து ஓடுகின்றன. சந்தாலப் பெண்டிர் சால இலைகளைத் தைத்து உண்கலம் செய்வதைக் காணும்பொழுது நம்மூர் மந்தார இலையும் தையல் இலையும் நினைவுக்கு வாராமற் போகா. அப்பால் மேற்கே அஜய் நதிக்கரையில் கெந்துலி. ஜயதேவர் பிறந்த ஊர் இது என்பர் வங்காளியர்; ஒரிசாவினரும் அவரைத் தம் நாட்டினர் என்பர். வழக்கு எதுவாயினும், மார்கழி பஜனைகளில் அஷ்டபதி கேட்டு வளர்ந்த நமக்கு அவர் அயலார் அல்லர். அங்குள்ள சுடுமண் சிற்பக் கோயில் காணத்தக்கது. நாம் பொங்கலிடும் அதே சங்கராந்தி நாட்களில் அங்கே பாவுல் பாணர் கூடிப் பாடுகின்றனர்.

சில எச்சரிக்கைகள். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை உகந்த காலம். மழைக்காலத்தில் களி சக்கரத்தை இறுகப் பற்றிவிடும். கோடையிலோ அனல் பறக்கும். செம்புராங்கற் பரல்கள் கடலைமணி போன்று உருளுவன. ஆதலின் இறக்கத்தில் முன்சக்கரத்தை மட்டும் இறுகப் பிடித்தால் வண்டி சறுக்கும். சக்கரத்தில் காற்றைச் சிறிது குறைத்துக்கொண்டால் மண்ணைப் பற்றி ஓடும். குடிநீரும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உடன் இருத்தல் வேண்டும்.

இனி, மனத்தை வருத்தும் ஒரு கேள்வி. இச்செம்மண் பாதைகள் எத்துணைக் காலம் நிற்கும்? ஆண்டுதோறும் விடுதிகள் பெருகுகின்றன. கார்கள் சோனாஜுரி வேர்களின்மேல் ஏறி இறங்குகின்றன. இத்தாலியில் கையோலே என்னும் ஊரில், வெண்சரளைப் பாதைகள் தாரில் மறையாமல் காக்கும் பொருட்டு 1997-ல் அன்பர்கள் ஒரு சைக்கிள் விழாவைத் தொடங்கினர். பழைய சைக்கிள்களில் பலர் திரண்டு வந்தமையால் அப்பாதைகளின் மதிப்பு உலகறிய விளங்கிற்று. அதையே இங்கும் செய்க என்று கூற நாவெழுகிறது. ஆனால், மழைநாளில் பிரசவ வேதனையோடு மருத்துவமனைக்குப் போகும் சந்தாலப் பெண்ணுக்குத் தார்ச்சாலை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? நம் பொழுதுபோக்குக்காக ஒருவர் வாசல் சேறாக இருக்க வேண்டுமென விரும்புவது அறமாகாது. ஊர்களை இணைக்கும் சாலைகள் நன்றாகட்டும். காட்டுத் தடங்களும் கால்வாய்க் கரைகளும் கோவாய்ச் சரிவுகளும் மோட்டார் புகாமல் நிற்கட்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவன அல்ல.

புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றதை அன்பர்கள் அறிவர். அச்செம்மண்ணில் அவர்களுக்குச் சைக்கிள் விடுதலையைத் தந்தது. இச்செம்மண்ணில் நம் பிள்ளைகளுக்கு அது, தாம் வாழும் நாட்டோடு ஓர் உறவைத் தரும். கேரளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1924-ல் பிறந்த ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன், 1944-ல் மாணவராகச் சாந்திநிகேதன் வந்து, பிற்காலத்தில் அங்கேயே ஆசிரியராய் அமர்ந்தார். கலாபவனத்தில் அவர் தீட்டிய கறுப்பு வெள்ளைச் சுவரோவியம் இன்றும் நிற்கிறது. வந்தேறியவர் ஓரிடத்தைத் தமதாக்கிக்கொள்ளும் வழி அதுதான்: அம்மண்ணை நின்று பார்த்தல், அதற்குத் தம்மால் இயன்றதைத் தருதல்.

வரும் குளிர்கால விடுமுறையில் இரண்டு நாட்களேனும் இதற்கென ஒதுக்குமாறு குடும்பத்தினரை வேண்டுகிறோம். சிற்றூர்களின் வழியே செல்லும்பொழுது வண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு செல்லுங்கள். கேட்டுப் படம் எடுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வீடு திரும்பியபின் சக்கரத்தில் ஒட்டிய செம்மண்ணைக் குழந்தைகளே கழுவட்டும். அது எந்த ஊர் மண் என்று கேட்டால், நம் ஊர் மண் என்று அவர்கள் தயங்காது சொல்லும் நாள் வரவேண்டும்.