கரடிக்கு வழிவிடும் கோத்தகிரி

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டியே சோலைக்காடு. பலாப்பழ வாசனைக்கும், கோயில் விளக்கு எண்ணெய்க்கும் கரடிகள் இரவில் ஊருக்குள் வந்துவிடுகின்றன. கரடிக்கு மோப்பம் அதிகம், பார்வை மட்டு. செடி மறைவில் திடீரென ஆளைக் கண்டால் மிரண்டு பாயும். அதனால், ஆள் வருவதை முன்கூட்டியே தெரியப்படுத்துவதுதான் பாதுகாப்பு.

அதிகாலையில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் நாலு பேராகச் சேர்ந்து, சத்தமாகப் பேசியபடி போகலாம். கொழுந்து பறிக்க இறங்கும்முன் தகரத்தைத் தட்டலாம். இருட்டில் டார்ச் லைட் அவசியம். வீட்டருகே வந்த கரடியை உள்ளே இருந்தபடியே ஓசை எழுப்பி விரட்டலாம். ஆனால், அது காட்டுக்குத் திரும்பும் வழியை மறிக்கக் கூடாது. சுற்றி வளைத்தால் தாக்கும். குட்டியோடு இருந்தால் நெருங்கவே வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். பலாவைப் பழுக்கும்முன்பே இறக்கி, குப்பையை மூடிவைத்தால் கரடி வருவதே குறையும்.