பைலகுப்பேயில் ஒரு புத்தாண்டு

2019 பெப்ரவரியில் ஒரு பயிற்சிக்காக இந்தியாவின் மைசூருக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள பைலகுப்பே, திபெத்திய அகதிகள் கமம் செய்து வாழும் ஊர். அவர்களுடைய புத்தாண்டான லோசாருக்கு இரண்டு நாட்களே இருந்தன. பயிற்சிக்கு வந்த தோழி தனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வெளிநாட்டவர் அங்கே இரவு தங்க அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதால், பக்கத்திலுள்ள குஷால்நகரில் அறை எடுத்துக்கொண்டேன்.

சோளம் அறுவடையான காணிகளின் நடுவே ஐந்து நிறப் பிரார்த்தனைக் கொடிகள் பறந்தன. அந்த வீட்டில் தாயும் மகளும் மட்டுமே இருந்தார்கள். பேரப்பிள்ளைகள் கனடாவில். அவ்வூரில் பல வீடுகள் இப்படித்தான். இளையவர்கள் வெளிநாடு போய்விட, வயதானவர்களே வீட்டைக் காக்கிறார்கள்.

மகள் சேலைக்குப் பதிலாக நீண்ட அங்கியும், முன்னால் கோடு போட்ட துணியும் கட்டியிருந்தார். அந்தத் துணி மணமான பெண்ணின் அடையாளம். “வாங்க, வாங்க” என்று தமிழில் வரவேற்றதும் திகைத்துப் போனேன்.

“குளிர்காலத்தில மதுரையில ஸ்வெட்டர் விக்கிறோம். கடனுக்குச் சரக்கெடுத்துப் போவோம். வித்துக் கடனைக் கட்டிட்டு லோசாருக்கு வந்திடுவோம்” என்றார்.

உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் தந்தார்கள். கஞ்சி என்று நினைத்துக்கொண்டு குடித்தேன், இறங்கியது. பிறகு நானும் அவர்களோடு இருந்து ‘கப்சே’ என்ற பலகாரத்துக்கு மா உருட்டினேன். கோதுமை மாவை முறுக்கிப் பல வடிவங்களில் எண்ணெயில் பொரிக்கிறார்கள். சாமித் தட்டின் பக்கத்தில் முளைவிட்ட பார்லி நாற்று ஒரு கிண்ணத்தில் பச்சையாக நின்றது.

தாய் மா பிசைந்தபடியே பேச, மகள் தமிழில் சொன்னார். 1959 இல் திபெத்தில் கிளர்ச்சி அடக்கப்பட்டு, தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தபோது பல்லாயிரம் பேர் பின்னால் வந்தார்கள். அப்போதைய மைசூர் அரசு இங்கே ஏறத்தாழ 3,000 ஏக்கர் காட்டு நிலம் கொடுத்தது. 1960 இறுதியில் முதற் கூட்டம் வந்து சேர்ந்தது.

“அப்போ எனக்குப் பத்து வயசு. காட்டை வெட்டினோம். யானை வந்து பயிரை மிதிச்சிடும். குளிர் தேசத்து ஜனங்கள், இந்த வெயில் தாங்கல. தம்பி இங்கேதான் செத்தான். கூடாரத்தில லோசார். அடுத்த வருஷம் ஊரிலதான்னு பெரியவங்க சொன்னாங்க.”

வீட்டில் மரணம் நேர்ந்தால் அந்த வருடம் லோசார் கொண்டாடுவதில்லையாம். 2008 இல் திபெத்தில் நடந்த போராட்டங்களில் பலர் இறந்ததால், 2009 இல் பல வீடுகளில் பலகாரம் சுடவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினார்கள்.

மாலையில் ‘குதுக்’ என்ற சூப். ‘கு’ என்றால் ஒன்பது. ஒன்பது வகைப் பொருட்கள் சேரும். அதில் கிடக்கும் பெரிய மா உருண்டைகளுக்குள் ஒவ்வொரு சாமான் ஒளித்திருக்கும். மிளகாய் வந்தால் வாயாடி, கம்பளி நூல் வந்தால் இளகிய மனம், கரி வந்தால் கறுத்த மனம். எனக்குக் கரி வந்தது. தாய் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பின்னர் ஆளுக்கொரு பிடி மா தந்தார்கள். நோகிற இடத்தில் ஒற்றி, போகிற வருடத்தின் கெடுதிக்காகச் செய்த மாப் பொம்மையோடு போட வேண்டும். எங்கள் ஊரில் நாவூறு கழிப்பதுபோல. தாய் முழங்காலில் ஒற்றினார். நான், இன்னமும் ஷெல் துண்டு இருக்கும் என் தோளில் ஒற்றினேன். அவர் பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை.

பந்தம் பிடித்துக்கொண்டு சந்தியில் போய் அதை வைத்தோம். வெடி சத்தம் கேட்டு நான் ஒடுங்கிப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தாயிடம் கேட்டேன்: “திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியுமா அம்மா?”

“சந்தியில விட்டது கெட்டது. அதைத்தான் பார்க்கக்கூடாது. ஊரைப் பார்க்கலாம்” என்றார்.

ஓட்டோ வந்தது. கப்சேயைக் கடதாசியில் சுற்றி என் பையில் வைத்தார். “கரி வந்த பிள்ளைக்கு இரண்டு கூட” என்று மகள் மொழிபெயர்த்தார்.