தலவிலக் கடலில் நடை வேகத்தில்



உங்கள் வீட்டில் அறக்குளா ஆணம் காய்ச்சும் நாளில், மீன் விலையைப் பற்றி இரண்டு வார்த்தை குறை சொல்லாமல் இருந்திருக்க மாட்டீர்கள். என் வீட்டிலும் அப்படித்தான். அந்த மீனைப் பிடித்தவர் அன்று எத்தனை லீற்றர் மண்ணெண்ணெய் எரித்திருப்பார் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற பெப்ரவரியில் தலவிலக் கடலில் ஒரு காலைப் பொழுதைக் கழித்த பின்புதான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது.

புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் மேற்கே திரும்பினால் கற்பிட்டிக்குப் போகும் பாதை. ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் பெருங்கடல், நடுவே மணல் நிலம். அந்த மணலில் கிணறு வெட்டி வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிறார்கள். நுரைச்சோலை, மாம்புரி தாண்டிச் சென்றால் தலவில. புனித அன்னம்மாள் தேவாலயத்தால் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர் இது. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் நடைபெறும் திருவிழாக்களுக்கு இலட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். மற்ற நாட்களில் இது அமைதியான மீனவர் கிராமம்.

என்னை அழைத்துப் போனவர் என் பழைய மாணவர் ஒருவர். அவருடைய வாப்பா மன்னார்த் தீவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியதை நீங்கள் அறிவீர்கள். மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். இவரும் அப்படி வந்தவர்தான். கையில் வலையில்லை, படகில்லை. தெரிந்த தொழிலோ கடல் ஒன்றுதான். தலவிலையைச் சேர்ந்த கத்தோலிக்க மீனவர் ஒருவர் தம் படகில் இவரைச் சேர்த்துக்கொண்டார். அன்று தொடங்கிய கூட்டு இன்றும் நடக்கிறது. எண்ணெய்ச் செலவைக் கழித்து, மிஞ்சியதில் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு. எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

சுப்ஹு தொழுதுவிட்டுக் கரைக்குப் போனோம். பதினெட்டு அடி ஃபைபர் படகு, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின். மே முதல் செப்டெம்பர் வரை சோழகக் காற்று இந்தக் கரையைக் கொந்தளிக்க வைக்கும். நவம்பருக்குப் பின் கடல் அடங்கும். நாங்கள் போன அன்று தண்ணீர் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது.

வலை எதுவும் ஏற்றவில்லை. "இண்டைக்குத் தூண்டில்தான் ஹஸரத்" என்றார் மாணவர். தூண்டிலைப் போட்டுவிட்டு ஓரிடத்தில் காத்திருக்கும் வேலையல்ல இது. படகுக்குப் பின்னால் இரையை இழுத்துக்கொண்டே போவது. இரு பக்கமும் மூங்கில் கழி நீட்டி அதில் இரண்டு நீளத் தங்கூசிகள், பின்புறத்திலிருந்து இரண்டு குட்டையானவை. நான்கும் நான்கு நீளத்தில் இருந்தால்தான் ஒன்றோடொன்று சிக்காது.

இரைக்கு முரல் மீன். அதைத் தயார் செய்யும் விதத்தைப் பெண்களாகிய நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மீனின் வாயை ஊசி நூலால் தைத்து மூடினார் வாப்பா. வாய் திறந்திருந்தால் தண்ணீர் புகுந்து இரை சுழலும், உயிருள்ள மீன்போல் நீந்தாது. தலையில் ஒரு கொளுக்கி, வாலருகே இன்னொன்று. அறக்குளாவின் பற்கள் கத்தரிபோல் கூர்மையானவை. அது இரையை முழுதாக விழுங்காமல் பின்பாதியை வெட்டிக்கொண்டு போய்விடும். அதற்குத்தான் அந்தப் பின்கொளுக்கி. கொளுக்கியை அடுத்து ஒரு முழம் மெல்லிய கம்பியும் வேண்டும். தங்கூசி மட்டும் இருந்தால் ஒரே கடியில் அறுந்துவிடும்.

வெளியே போனதும் எஞ்சினின் சத்தத்தைக் குறைத்தார். ஒரு மனிதன் விரைந்து நடக்கும் வேகம்தான் இருக்கும். எனக்குப் பொறுமை போய்விட்டது. தூரத்தில் பறவைகள் கூட்டமாகக் கடலில் விழுந்து எழுவதைப் பார்த்தேன். பறவை விழும் இடத்தில் சாளையும் சூடையும் மேலெழுந்திருக்கும், அவற்றைத் துரத்திக் கீழே பெருமீன் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு படகுகள் அந்த இடத்துக்குச் சீறிப் பாய்ந்தன. "நாமும் ஓடலாமே?" என்றேன்.

வாப்பா சிரித்தார். "ஓடினா எண்ணெய்தான் ஓடும் மௌலவி. மீன் கீழ போயிரும்."

அவர் சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முழு வேகத்தில் எஞ்சின் குடிக்கும் எண்ணெய் இந்த நடை வேகத்தில் குடிப்பதைப்போலப் பல மடங்கு. அடுத்தது, வேகம் கூடினால் இரை தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து துள்ளும், சுழலும், கிழியும். வேகம் குறைந்தால் கீழே இறங்கி, காயப்பட்ட சிறு மீன்போல் தடுமாறி வரும். பெருமீன் தேடுவது அதைத்தான். எங்கள் படகு பறவைக் கூட்டத்தின் நடுவே போகவே இல்லை. ஓரமாக வளைந்து, இரைகள் மட்டும் கூட்டத்தின் விளிம்பில் போகும்படி சுற்றி வந்தது.

வளையும்போது இன்னொன்றையும் காட்டினார். உட்பக்கத்து இரை வேகம் குறைந்து ஆழத்துக்குப் போகிறது, வெளிப்பக்கத்து இரை விரைந்து மேலே வருகிறது. உட்பக்கத்தில் மீன் கடித்தால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும், வெளிப்பக்கத்தில் கடித்தால் சற்று விரைய வேண்டும். மீனே வந்து வேகத்தைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் ஏரிகளில் கிராப்பி என்றொரு சிறு மீனைப் பிடிக்கப் படகின் முன்னால் சிலந்திக் கால்போலப் பல தூண்டில்களை விரித்து, இதைவிடவும் மெதுவாக ஊர்ந்து போவார்களாம். அங்கே அது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. இங்கே மாலையில் அரிசி வாங்க வேண்டும்.

கரையைக் குறியாக வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, கிழக்கே தேவாலயம். இரண்டும் எந்தத் திசையில் தெரிகின்றன என்று பார்த்துக் கடலடிப் பாரின் விளிம்பைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த விளிம்பில்தான் வலப்பக்கத்துக் கழி வளைந்தது. மாணவர் கையில் சைக்கிள் டியூப் துண்டுகளை விரலுறையாக மாட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் ஆவலில் நான் வெறுங்கையால் தங்கூசியைப் பிடித்து வெட்டி இழுத்தேன். விரல்கள் இரண்டும் பிளந்தன. வலி தாங்காமல் விட்டேன், நூல் தளர்ந்தது, மீன் போய்விட்டது. தண்ணீருக்கு மேலே ஒருதரம் வெள்ளியாய்ப் புரண்டதைப் பார்த்தோம். நல்ல அறக்குளா. அன்றைய எண்ணெய்ச் செலவை அது ஒன்றே தீர்த்திருக்கும்.

யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. படகுக்காரர் தம் சாரத்தின் ஓரத்தைக் கிழித்து என் விரலில் கட்டினார். எஞ்சின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மீன் கடித்தாலும் தப்பினாலும் அதை நிறுத்துவதில்லை. கூட்டத்திலுள்ள மற்ற மீன்கள் கடிக்கும் நேரமும் அதுதான். பிறகு இரண்டு சூரையும் ஒரு பாரையும் கிடைத்தன.

பிடித்தவுடனே செவுளை வெட்டி இரத்தத்தை வடித்துக் குடலை நீக்கி ஐஸில் வைத்தார்கள். மீனுக்கு அறுப்புத் தேவையில்லை என்ற சட்டம் உங்களுக்குத் தெரியும். இது கெடாமல் இருப்பதற்காகச் செய்வது. சூரை, அறக்குளா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. உண்டவர்க்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடலெல்லாம் தடிக்கும். ஆகவே கடையில் வாங்கும்போது செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐஸ் இல்லாமல் தட்டில் கிடக்கும் சூரையை மலிவு என்று வாங்காதீர்கள்.

நண்பகலில் ஆலங்குடாவிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாப்பாவின் மனைவி ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்து வைத்திருந்தார். எத்தனை லீற்றர் போனது, எத்தனை மீந்தது, மீன் என்ன விலைக்குப் போனது, எல்லாம் அதில் இருந்தன. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியதே, அந்த வாரத்திலிருந்துதான் எழுதத் தொடங்கினாராம். அதற்கு முன் வாப்பாவும் பறவையைக் கண்டால் ஓடுகிறவர்தான். கொப்பியின் முதல் இரண்டு மாதங்களில் மீன் கூடிய நாட்களிலேயே நட்டமும் கூடியிருந்தது. வேகமாக ஓடிய நாட்கள் அவை. அதைக் கணவருக்குக் காட்டியவர் இந்தப் பெண்மணிதான். "இவ கணக்குப் பாக்காட்டி நான் படகை விட்டிருப்பன் மௌலவி" என்றார் வாப்பா.

அன்றைய கணக்கையும் எழுதினார். எண்ணெய்ச் செலவும் படகுப் பங்கும் போக மிஞ்சியது சிறு தொகைதான். நான் பணம் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார். பாரையின் நடுத்துண்டு இரண்டை வாழையிலையில் சுற்றி, "வீட்டுல ராத்தாக்குக் குடுங்க" என்று என் பையில் வைத்தார். பிறகு என் விரலைப் பார்த்துவிட்டு, மஞ்சள் அரைத்துக்கொண்டு வரும்படி மகளை உள்ளே அனுப்பினார்.