கடல்மல்லையில் மூன்று மழலைகள்

“தாத்தா, கடலை எப்போது காட்டுவாய்?” என்று நான்கரை வயதுப் பேத்தி கேட்டபோது வீட்டில் ஒருவரும் பேசவில்லை. என் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

காரணம் உண்டு. அந்தப் பேத்தியின் தந்தைக்கு ஐந்து வயதிருக்கும்போது மாமல்லபுரத்துக் கரையில் ஓர் அலை அவனைக் காலோடு வாரிக்கொண்டு போயிற்று. நனைந்த புடவையை அவன் தாய் பிழிந்து உதறித் திரும்புவதற்குள் நடந்தது அது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பாய்ந்து கையைப் பற்றி இழுத்து மணலில் கிடத்தினார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் கடல்நீரில் கால் வைத்ததில்லை. இராமேசுவரம் சென்றபோதும் அக்கினி தீர்த்தத்தை நான் சொம்பில் மொண்டு வர, தலையில் தெளித்துக்கொண்டு திரும்பியவள்.

குழந்தைகளின் ஆசையிலும் நியாயம் இருக்கின்றது. வேலூரை அடுத்த பாகாயத்தில் வளரும் பிள்ளைகளுக்கு ஓடும் நீர் அரிது. ஆறு என்றால் அவர்களுக்குப் பாலாறு. பாலாறு என்றால் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆம்பூரிலிருந்து இராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் அந்த ஆறு பட்ட பாட்டை 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பாலாறு போய்ச் சேரும் கடலையாவது குழந்தைகள் பார்க்க வேண்டாமா?

இரண்டு நாள் கழித்து மனைவி சொன்னாள்: “கோயிலுக்கென்றால் வருகிறேன். கடலுக்கென்றால் நீங்கள் போய்வாருங்கள்.” கோயிலையும் கடலையும் பிரிக்க முடியாத ஊர் எது? சுற்றிச் சுற்றி எண்ணம் அதே கடல்மல்லையில்தான் வந்து நின்றது.

நான் வங்கியில் இருந்தவன். திட்டம் என்றால் தாளும் எழுதுகோலும் வேண்டும். காஞ்சி வரதர், திருக்கழுக்குன்றம் மலை, கடல்மல்லைத் தலசயனம், திருவிடந்தை நித்திய கலியாணப் பெருமாள் என்று ஒரே பகலில் நான்கு தலங்களை நேரம் குறித்து எழுதிக் காட்டினேன். மருமகள் பொறுமையாகப் படித்துவிட்டு, “மாமா, இதில் குழந்தைகள் எப்போது தூங்குவார்கள்?” என்று மட்டும் கேட்டாள். பேத்திக்கு அடுத்தவன் இரண்டரை வயது, மகள் வயிற்றுப் பேரன் ஒன்றரை வயது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் தாளில் மிஞ்சியவை ஒரு கோயில், ஒரு பாறை, கொஞ்சம் மணல்.

மாசி மகத்தன்று போகலாம் என்று எனக்கு ஓர் ஆசை. அன்று பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். இருளர் பெருமக்கள் குடும்பம் குடும்பமாக வந்து கரையில் தங்கி, தங்கள் கன்னியம்மனை வழிபடுவார்கள். வாழ்நாளில் ஒருமுறை காண வேண்டிய காட்சிதான். ஆனால் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் காணத்தக்கதன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும். பங்குனி பிறந்தால் மணல் சுடும். ஆகவே பொங்கல் கழிந்த தை மாதத்தில், கூட்டமில்லாத ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தோம்.

விடியற்காலை நான்கரை மணிக்குக் குழந்தைகளைத் தூக்கத்தோடே தூக்கி வண்டியில் கிடத்தினோம். அவர்கள் கழுத்திலும் கையிலும் இருந்த பொன்னை எல்லாம் முன்னாளே கழற்றிவிட்டாள் மருமகள். ஒவ்வொரு குழந்தையின் சட்டையின் உட்புறமும் எங்கள் கைபேசி எண் எழுதிய துணித்துண்டு ஒன்றைத் தைத்தும் வைத்திருந்தாள். மிளகாய்ப்பொடி தடவாத இட்லி, தயிர்சாதம், உப்பு நீரைக் கழுவுவதற்கென்று இரண்டு பெரிய குடுவைகளில் நல்ல தண்ணீர், என் பழைய வேட்டிகள் நான்கு. இவ்வளவுதான் மூட்டை. விளையாட்டுச் சாமான் ஒன்றும் எடுக்கவில்லை. மணல் இருக்கும் இடத்துக்கு அவை எதற்கு?

காஞ்சிபுரத்தில் பொழுது புலர்ந்தது. பின்னிருக்கையில் இடநெருக்கடி, அழுகை தொடங்கிற்று. பொய்கையாழ்வார் பிறந்த ஊர் ஆயிற்றே என்று, திருக்கோவலூர் இடைகழிக் கதையை எடுத்துவிட்டேன். மழை இரவு. சின்னஞ்சிறு இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம். பொய்கையார், பூதத்தார், பேயார் மூவரும் நெருங்கி நிற்க, நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினார், அவர்தான் பெருமாள் என்றதும், “அப்படியானால் இங்கே நெருக்குவது யார்?” என்று பேத்தி தம்பியைப் பார்த்தாள். அந்தப் பூதத்தாழ்வார் பிறந்த ஊருக்குத்தான் போகிறோம் என்றேன். திருக்கழுக்குன்றத்தில் மலையைச் சாலையிலிருந்தே கைகூப்பி வணங்கினோம். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். வேதகிரீசுவரர் எங்களை மன்னிப்பார்.

எட்டு மணிக்கெல்லாம் தலசயனப் பெருமாள் சந்நிதியில் நின்றோம். கல்தரை இன்னும் சுடவில்லை. வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடினார்கள். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான இங்கே பெருமான் ஆதிசேடன்மேல் பள்ளி கொள்ளவில்லை. வெறுந்தரையில் சயனித்திருக்கிறார். திருவடியருகே புண்டரீக மகரிஷி. உற்சவர் உலகுய்ய நின்றான். அவர் திருக்கரத்தில் ஒரு தாமரை மொட்டு. தாயார் நிலமங்கை நாச்சியார்.

“ஏன் சாமி தரையில் படுத்திருக்கிறார்?” என்றாள் பேத்தி. தலபுராணத்தைச் சொன்னேன். புண்டரீகர் தாமரை மலர்களைப் பறித்து, பாற்கடலில் இருக்கும் பெருமாளின் திருவடியில் சேர்க்கப் புறப்பட்டார். நடுவில் இந்தக் கடல். வழி வேண்டுமே என்று கையாலேயே கடல்நீரை இறைக்கத் தொடங்கிவிட்டார். இரவும் பகலும் இறைத்தார். ஒரு முதியவர் வந்து, பசிக்கிறது, சோறு கொண்டு வா, அதுவரை நான் இறைக்கிறேன் என்றார். முனிவர் சோற்றோடு திரும்பினால், அத்தனை பூவையும் சூடிக்கொண்டு அந்த முதியவர் வெறுந்தரையில் படுத்திருந்தார். பெருமாள்தான் அவர். பேத்தி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “சோறு சாப்பிட்டாரா?” என்றாள். அர்ச்சகர் சிரித்துவிட்டு அவள் கையில் துளசி கொடுத்தார்.

கோயிலுக்குப் பின்னால் சிறிது தூரத்திலேயே அர்ச்சுனன் தவம் எனப்படும் பாறைச் சிற்பம். பெரியவர்கள் கங்கையைத் தேடிக்கொண்டிருக்க, குழந்தைகள் யானைக் குட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். இரு கால்களில் நின்று தவம் செய்யும் பூனையைக் காட்டினேன். அதன் காலடியில் எலிகள். அருகிலுள்ள கண்ணன் மண்டபத்தில் கன்றை நக்கும் பசுவின்முன் சின்னவன் நின்றவன் நகரவில்லை. பல்லவச் சிற்பி இவனை எண்ணித்தான் செதுக்கினானோ என்னவோ.

பத்தரை மணிக்கு ஓர் அறை எடுத்தோம். இரவு தங்காத அறைக்கு ஒருநாள் வாடகையா என்று என் வங்கிப் புத்தி முணுமுணுத்தது. மூவரும் நான்கு மணிவரை தூங்கி எழுந்தபின் அந்த முணுமுணுப்பு நின்றது.

மாலையில் கடற்கரைக் கோயில். இராசசிம்ம பல்லவன் காலத்தது. 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இங்கே இப்போது பூசை இல்லை. சிவனுக்கு இரு கருவறைகள். அவற்றின் நடுவே பள்ளிகொண்ட திருமால். சூரியன் மேற்கே சாய்வதால் மணல் குளிர்ந்திருந்தது. கிழக்குக் கடற்கரைக்குக் குழந்தைகளை மாலையில்தான் அழைத்து வரவேண்டும்.

இக்கரையில் குளிப்பது ஆபத்து. மணல் சட்டென்று சரிந்து ஆழமாகிறது. திரும்பும் அலை காலடி மண்ணை அரித்துக்கொண்டு உள்ளே இழுக்கிறது. என் மகன் அதை உடம்பால் அறிந்தவன். அலை தொடும் ஈர மணலுக்கு இருபதடி முன்னால் ஒரு குச்சியால் கோடு கிழித்தான். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர். கைபேசி எடுக்கக் கூடாது. கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. கோட்டைத் தாண்டுபவர்களைப் பிடிக்கும் பொறுப்பைப் பேத்தியிடமே ஒப்படைத்தான். அதன்பின் என்னைக்கூட அவள் விடவில்லை.

மனைவி கோட்டுக்கு வெகு அப்பால் வேட்டியை விரித்து உட்கார்ந்திருந்தாள். பேத்தி மணலில் குழி தோண்டினாள். அதற்கு நீர் வேண்டும். கோட்டைத் தாண்ட அனுமதி இல்லை. நேரே பாட்டியிடம் போனாள். “பாட்டி, முனிவர் இறைத்தாரே, அதுபோல நீ இறைத்துக் கொண்டு வா.”

நான் எழப் போனேன். மகன் வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். அவள் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தாள். பையிலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டாள். மகன் அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டான். இருவருமாகக் கோட்டைத் தாண்டி, ஈர மணலைத் தாண்டி, நுரை கணுக்காலைத் தொடும் இடத்தில் நின்றார்கள். அலை திரும்பியது. குனிந்து மொண்டாள்.

திரும்பி வந்து, “கோவிந்தா” என்று சொல்லி மூன்று பேர் உச்சியிலும் இரண்டிரண்டு சொட்டுத் தெளித்தாள். பிறகு மகன் தலையிலும். மிச்சத்தைக் குழியில் ஊற்றினாள். மணல் உடனே குடித்துவிட்டது.

“இன்னொரு சொம்பு, பாட்டி” என்றாள் பேத்தி.

பாட்டி போனாள்.